ஒற்றைக் காலில் நிற்கிறது

நேற்று இரவு 11 மணிக்கு, நானே கோத்த பிளாஸ்டிக் ரோபோ பொம்மையை, வலக்காலை ஊன்றி, இடக்காலை இடுப்பு உயரத்துக்கு நீட்டி, உதைக்கும் நிலையில் மேசைமேல் நிறுத்திவிட்டுப் படுக்கப் போனேன். முதுகில் தாங்கி எதுவும் இல்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே ஓடிப்போய்ப் பார்த்தேன். நீட்டிய கால் ஒரு நூல்கூட இறங்கவில்லை. மூன்று வாரமாக இந்த இடுப்போடு மல்லுக்கட்டிய எனக்கு அதைவிட நல்ல விடியல் வேறில்லை.

1/144 அளவு, அதாவது கதையில் வரும் ரோபோவின் 144-இல் ஒரு பங்கு; கையில் 15 சென்டிமீட்டர் உயரம். வெட்டுவதும் தேய்ப்பதும் ரன்னர் (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) எண் தேடுவதும் உங்களுக்குத் தெரிந்த கதை. மூன்று மாலைகளில் முடிந்தது. அசைவைப் பொறுத்தவரை இதன் வடிவமைப்பில் எனக்குக் குறையே இல்லை. முழங்காலில் இரட்டை மூட்டு, மடக்கினால் குதிகால் தொடையின் பின்பக்கத்தைத் தொட்டுவிடுகிறது. தோள் முன்பக்கமாக இழுபடுவதால் துப்பாக்கியை இரண்டு கைகளாலும் மார்புக்கு நேராகப் பிடிக்க வைக்கலாம். கால்களை எவ்வளவு அகட்டினாலும் கணுக்கால் பக்கவாட்டில் சாய்ந்து கொடுக்கிறது, பாதம் முழுவதும் தரையில் படிகிறது. முன்பக்க இடுப்புக் கவசங்கள் இரண்டும் ஒரு சிறு தண்டால் இணைந்து வந்தன. அதை நடுவில் வெட்டிவிட்டேன், இப்போது ஒவ்வொன்றும் தனியே தூக்குகிறது. இந்த வெட்டை இன்னும் செய்து பார்க்காதவர்கள் இன்றே செய்யுங்கள், நிப்பர் என்ற வெட்டுக்குறட்டின் ஒரு கடிதான்.

ஆனால் வளைவது வேறு, நிற்பது வேறு. காலை நீட்டினால் அதன் முழு எடையும் நீளமும் சேர்ந்து இடுப்பு மூட்டிலுள்ள ஒரே ஒரு சிறு பந்தைத்தான் முறுக்குகின்றன. போதாததற்கு முதுகுப் பொதி வேறு உடலைப் பின்னால் இழுக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்துக் கோத்த முதல் நாளே கால் மெல்ல மெல்ல இறங்கியது. நாலு நாள் அசைத்துப் பார்த்தபின் மெல்லவும் இல்லை, தொப்பென்று விழுந்தது.

முதலில் மெல்லிய பிளாஸ்டிக் பைத் துண்டைப் பந்தின்மேல் போர்த்திக் குழிக்குள் அழுத்தினேன். பத்துத் தடவை திருப்புவதற்குள் கிழிந்து சுருண்டது. அடுத்து சூப்பர் குளூ. அதிலும் அவசரப்பட்டேன். ஒரே பூச்சாகத் தடிமனாகப் பூசி, மேல்பக்கம் காய்ந்துவிட்டது என்று நம்பிக் கோத்துவிட்டேன். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. தடித்துக் கிடந்தால் மேலே தோல்போல் இறுகி உள்ளே ஈரமாகவே இருக்கும். பிடித்துக்கொண்டது. முறுக்கிப் பிடுங்கியபோது பந்தின் பாதிப் பூச்சு உரிந்து, நடுவில் ஒரு வரப்பு நின்றது. அதை முழுவதுமாகத் தேய்த்து எடுக்கவே ஒரு மாலை போயிற்று.

மூன்றாவது முறை பொறுமையாகச் செய்தேன். பந்துள்ள பாகத்தை ஒரு ரன்னர் குச்சியில் செருகி நிமிர்த்தி வைத்தேன். பல்குச்சி நுனியில் கடுகளவு பசை, அவ்வளவுதான். பந்தின் நடுப்பட்டையைச் சுற்றி இழுத்தேன். உச்சியைத் தொடவே இல்லை, பிடிமானம் பக்கங்களில்தான் இருக்கிறது. இரவு முழுவதும் அப்படியே விட்டேன். மறுநாள் கோத்து இருபது சுற்றுத் திருப்பி மீண்டும் கழற்றினால், குழி உரசிய இடங்கள் மட்டும் பளபளவென்று தெரியும். அந்த மினுக்கத்தை மட்டும் 1000 எண் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. பிறகு அடுத்த பூச்சு. மூன்று பூச்சுக்குப் பின் காலிப்பரில் பார்த்தேன்: பந்தின் விட்டம் கூடியது 0.1 மில்லிமீட்டர்தான். அந்த மயிரிழைதான் மூன்று வாரமாக எனக்குத் தண்ணி காட்டியிருக்கிறது.

பசை காயும்போது கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் பாகங்களைப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆவி படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். தலையை நான் வேறு அறையில் வைத்திருந்தேன். பசை வாங்கும்போதும் பெரிய புட்டி வேண்டாம், திறந்தபின் கெட்டியாகிப் போகும். சின்னச் சின்னக் குழாய்களாக விற்பதை வாங்கினால் ஒவ்வொரு முறையும் நீர்த்த பசை கிடைக்கும். பாலிகேப் (மூட்டுக்குள் வைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறை) உள்ள மூட்டு என்றால் கேப்பில் பூசுவது வீண். அது பாலிஎத்திலீன், பசை ஒட்டாது. உள்ளே போகும் முளையைத்தான் பருக்க வைக்க வேண்டும்.

என்னிடம் பண்டாய் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட முதல் 1/144 கன்டமின் (ஜப்பானிய அனிமேத் தொடரின் ரோபோ) மறுபதிப்பு ஒன்று இருக்கிறது. பசையிட்டு ஒட்ட வேண்டிய கிட். கால் அதிகம் விரியாது, மண்டியிடச் சொன்னால் மறுத்துவிடும். ஆனால் நிறுத்தினால் நட்ட கல்போல் நிற்கும். 2010-இல் வந்த அதே நிறுவனத்தின் ரியல் கிரேடு வரிசையிலோ எலும்புக்கூடே ரன்னரிலிருந்து வெட்டி எடுத்தவுடன் மடங்குகிறது. முதன்முதலில் அதைக் கையில் பிடித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஒரு கிட்டை எடைபோடும் என் முறை மாறியது. எத்தனை பாகை மடங்குகிறது என்று இப்போது முதலில் பார்ப்பதில்லை. உடலைக் கிடைமட்டமாகப் பிடித்து, காலை நீட்டி, முப்பது எண்ணுகிறேன். மேசைமேல் நிற்கும் இந்தப் புதியது இப்போது அந்தத் தேர்வில் தேறிவிட்டது. தோள் இன்னும் தேறவில்லை, துப்பாக்கியோடு இருபதில் இறங்குகிறது. அதற்கும் ஒரு பூச்சு வேண்டும்.

கவசங்களின் பள்ளங்களில் மைத் திரவம் ஓட்டிக் கோடு வரைவது பாதியில் நிற்கிறது. அந்த எனாமல் வகைத் திரவம் மூட்டுக்குள் வழிந்து, இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை விரிசல் விடச் செய்யும். முந்தைய கிட்டில் இப்படித்தான் தோள் அச்சை இழந்தேன். ஆகவே இம்முறை கவசங்களைக் கழற்றி, பளபளப்புப் பூச்சு கொடுத்து, அதன்பிறகே திரவம். மார்பும் முழங்கையும் முடிந்தன. கால்களில் இன்னும் கைவைக்கவில்லை, கழற்ற மனம் வரவில்லை.

அடுத்து 3 மில்லிமீட்டர் துளை உள்ள ஒரு பறக்கும் இறக்கைத் தொகுதியைப் பொருத்தும் எண்ணம் இருக்கிறது. எடை கூடும், இடுப்பு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். டெக்கால் (சின்ன ஒட்டுப்படங்கள்) ஒட்டி, மேட் டாப்கோட் (மினுக்கமில்லாத மேல்பூச்சு) அடிப்பது அதற்குப் பிறகு. அப்போது அந்த இரண்டு பந்துகளுக்கும் நாடா சுற்றியாக வேண்டும். தெளிப்பு படிந்தால் நான் தேய்த்துக் கண்டுபிடித்த அளவு கெட்டுவிடும். அதுவரை இது மேசையில் உதைத்தபடியே நிற்கட்டும்.