2147483647ஐ வகுத்துப் பார்த்த இரவு

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் என் மகள், சென்ற வாரம் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். குறியுடைய 32 பிட் முழுவெண்ணின் உச்சப் பெறுமானம் 2147483647 என்பதையும், செக்கன்களை இத்தகைய முழுவெண்ணில் எண்ணிவரும் பழைய 32 பிட் கணினிக் கடிகாரங்கள் இலங்கை நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 செக்கனுக்கு அப்பால் எண்ணமாட்டாதிருப்பது இதனால்தான் என்பதையும் வாசித்துக் காட்டினாள். அது ஒரு முதன்மை எண் என்றேன்.

“எதாலயும் வகுபடாதா அப்பா? ஆரு வகுத்துப் பாத்த?”

வகுத்துப் பார்த்தவர் 18ஆம் நூற்றாண்டுக் கணிதமேதை ஒயிலர். கண்பார்வையை ஏறத்தாழ முற்றாக இழந்திருந்த காலத்தில், 1772இல் வெளியான கடிதமொன்றில் அதை அவர் அறிவித்தார். இவ்வெண்ணின் வர்க்கமூலம் 46340ஐச் சற்றே தாண்டுவதால், அதுவரையுள்ள 4,700க்கு மேற்பட்ட முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பதே நாம் பாடசாலையில் கற்பிக்கும் வழி. அவர் அவ்வழியே போகவில்லை.

2147483647 என்பது 2³¹ − 1. இதை மீதியின்றி வகுக்கும் முதன்மை எண் ஒன்று உண்டென்று கொண்டு, அதை ‘வ’ என்போம். அப்படியானால் 2³¹ஐ ‘வ’ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும், பெர்மாவின் சிறிய தேற்றப்படி, 2இன் (வ − 1)ஆம் வலுவை வகுத்தாலும் மீதி 1 வரும். 31 முதன்மை எண்ணாக இருப்பதால், இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாவதற்கு ‘வ − 1’ ஆனது 31இன் மடங்காக இருந்தே தீரவேண்டும். ‘வ’ ஒற்றை எண் என்பதையும் சேர்த்தால் ‘வ − 1’ 62இன் மடங்காகிவிடுகிறது.

என்னை மிகவும் கவர்வது இதற்கடுத்த படி. 2³²ஐ ‘வ’ஆல் வகுக்க மீதி 2. ஆனால் 2³² என்பதோ 2¹⁶இன் வர்க்கம். ஒரு வர்க்கத்தை வகுக்கும்போது மீதி 2 வருவது, 8ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதியாகும் ஒற்றை முதன்மை எண்களுக்கே வாய்க்கும். 31க்கு அடுத்தது இரட்டை எண் என்ற ஒரேயொரு காரணத்தால் எஞ்சிய வேலையிலும் பாதி கழிந்துபோகிறது! ஆகவே ‘வ’ஐ 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 ஆகவே இருக்கமுடியும். 46340க்குள் அத்தகைய எண்களில் 1ஐயும் 63ஐயும் விட்டால் எஞ்சுபவை 372. அவற்றிலும் பல, முதன்மை எண்கள் அல்லாததால் வகுக்காமலே விழுந்துவிடும்.

கொப்பியை எடுத்து அவற்றை வரிசையாக எழுதினோம். 249 மூன்றால் வகுபடுவதால் வெட்டுப்பட்டது. முதலில் நின்றது 311. மகள் நெடும்பிரித்தலில் வகுத்தாள்: ஈவு 6905092, மீதி 35. பிறகு 497, 559, 745, 807, 993, 1055 எல்லாம் விழுந்தன. 1241 மட்டும் சிறிது நேரம் முதன்மை எண்போலவே நின்று ஏமாற்றியது. 17ஐ 73ஆல் பெருக்கினால் அது வரும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். அடுத்த 1303க்கு ஈவு 1648107, மீதி 226.

1489ஐ அவள் தனியே வகுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.