பழைய மினி காரில் ரிவர்ஸ் லைட் சுவிட்ச் மாற்றுவது

ரிவர்ஸ் கியர் போட்டும் பின்னால் வெள்ளை விளக்கு எரியவில்லை என்றால், உடனே புது சுவிட்ச் வாங்கக் கிளம்ப வேண்டாம். இரண்டில் ஒன்று மட்டும் எரியவில்லையா? அப்படியானால் குற்றம் சுவிட்சில் இல்லை. பல்பு, துருப்பிடித்த ஹோல்டர், எர்த் (வண்டியின் உடலோடு சேரும் இணைப்பு) மூன்றையும் பாருங்கள். இரண்டுமே எரியாவிட்டால் பிரேக் லைட்டையும் இண்டிகேட்டரையும் போட்டுப் பாருங்கள். அவையும் இதே பச்சை ஒயர் சர்க்யூட்தான் என்பதால், அவை வேலை செய்தால் பியூஸ் நன்றாக இருக்கிறது.

இங்கே சொல்வது 1973 முதல் வந்த ராடு சேஞ்ச் கியர் (லீவரின் அசைவை ராடு வழியாக கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் அமைப்பு) உள்ள மினிக்கு. சுவிட்ச் வண்டிக்கு அடியில், கியர் லீவர் அமர்ந்திருக்கும் ரிமோட் ஹவுசிங்கில் திருகப்பட்டிருக்கும். தண்ணீரும் சேறும் நேரே அடிக்கும் இடம். பக்கத்திலேயே சைலன்சர் குழாய் ஓடுவதால் சூடும் சேர்ந்துகொள்ளும். அதனால் சுவிட்ச் கெடுவதற்கு முன்பே டெர்மினல்கள் பச்சை பூத்துப் போவது சகஜம்.

வண்டி ஆறிய பிறகு பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது.

சுவிட்சுக்கு வரும் இரண்டு ஒயர்களில் முழுப் பச்சை கரண்ட் கொண்டுவருவது. பழுப்புக் கோடு போட்ட பச்சை விளக்குக்குப் போவது. இரண்டையும் கழற்றி, ஒரு துண்டு ஒயரால் இணைத்து இக்னிஷனைப் போடுங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்சோ அதன் அட்ஜஸ்ட்மென்டோதான் கோளாறு. எரியாவிட்டால் பச்சை ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே 21 வாட் பல்பை டெஸ்ட் லாம்ப்பாகப் போட்டுப் பாருங்கள். அது நன்றாக எரியாவிட்டால் கரண்ட் வரும் வழியில்தான் கோளாறு. மல்டிமீட்டர் இங்கே ஏமாற்றும்: அரித்துப்போன இணைப்பிலும் 12 வோல்ட் காட்டும், ஆனால் இரண்டு பல்புக்கும் வேண்டிய சுமார் மூன்றரை ஆம்பியர் அந்த வழியாகப் போகாது. இன்னொன்று, பாயின்ட் (இக்னிஷன் கரண்டை விட்டுவிட்டு வெட்டும் தொடுமுனை) உள்ள வண்டியில் இன்ஜின் ஓடாமல் இக்னிஷனை நெடுநேரம் போட்டுவைத்தால் காயில் சூடாகும். சோதனை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

கழற்றுமுன் சுவிட்சைச் சுற்றி ஒயர் பிரஷ் போட்டுச் சேற்றை எடுத்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். முதலில் லாக் நட் (சுவிட்ச் சுழலாமல் பிடிக்கும் நட்), பிறகு சுவிட்ச். ஹவுசிங் அலுமினியம் என்பதால் மரை போனால் செலவு சுவிட்சோடு நிற்காது. புதியதைக் கையாலேயே நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் கோணலாகப் போகிறது என்று பொருள், ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

வேலையின் உயிர் அட்ஜஸ்ட்மென்டில்தான் இருக்கிறது. பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு, லீவரை ரிவர்ஸில் முழுதாக விழச் செய்யுங்கள். விழாவிட்டால் முன் சக்கரங்களைக் கையால் கொஞ்சம் சுழற்றி மறுபடி போடுங்கள். பாதி விழுந்த கியரில் வைத்த அளவு பிறகு கட்டாயம் தவறும். சுவிட்சின் இரு டெர்மினலிலும் மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் (இணைப்பு இருந்தால் சத்தம் போடும் நிலை) வைத்து, சத்தம் வரும் வரை மெதுவாக உள்ளே திருகுங்கள். அதற்கு மேல் கால் சுற்று, அவ்வளவுதான். சுவிட்ச் நகராமல் ஒரு ஸ்பேனரால் பிடித்து, லாக் நட்டை இறுக்குங்கள். ஒயர் மாட்டாமல் இப்படி அளவு வைத்தால் ஒயர்கள் முறுக்கிக்கொள்வதும் இல்லை.

'இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் பத்திரம்' என்று நினைப்பதுதான் புது சுவிட்சைக் கொல்கிறது. சுவிட்சின் நுனியில் அழுந்தும் பிளஞ்சர் அடிவரை அழுந்தி ஒவ்வொரு ரிவர்ஸுக்கும் அடி வாங்கும். நாளடைவில் உடல் பிளந்துவிடும். ரிவர்ஸ் கியரே சரியாக விழாமல் போவதும் உண்டு. கால் சுற்றுக்குக் குறைவாக விட்டால் குழியில் இறங்கும்போது விளக்கு மினுக்கும்.

அளவு வைத்ததும் எல்லா கியரையும் ஒருமுறை போட்டு, நியூட்ரலில் லீவரை ரிவர்ஸ் பக்கமாகத் தள்ளியும் பாருங்கள். ரிவர்ஸ் விழுந்தால் தவிர வேறெங்கும் மீட்டர் கத்தக் கூடாது. டெர்மினலில் தளர்ந்த கிளிப்பைப் புதிதாக மாற்றி, மேலே கொஞ்சம் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (மின் இணைப்பில் ஈரம் புகாமல் தடுக்கும் கிரீஸ்) தடவி ஒயர்களை மாட்டுங்கள். ஒயரை சைலன்சர் குழாயிலிருந்து விலக்கிக் கட்டிவிட்டு, பேட்டரியை இணைத்து விளக்கைப் போட்டுப் பார்த்த பிறகே வண்டியைக் கீழே இறக்குங்கள்.