துண்டு போட்டு இடம் பிடித்த கதை

ஜனவரி மாதத்தில் லெ போரில் குடியிருப்பவனுக்கு நரகம் என்று தனியாக ஒன்று தேவையில்லை. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவின் மேற்குக் கரையில், மலைக்கு மறைவில் இருக்கும் ஊர் இது. கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று, கையிலிருக்கும் மழையையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வெறுங்கையோடு எங்களிடம் வந்து சேரும். பேரனைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து வந்த மாமியார் மூன்றாம் நாளே, "வேகறதுன்னா நான் எங்க ஊர்லயே வெந்திருப்பேனே" என்றார். பிள்ளைக்கும் விடுமுறை. ஒரு வாரம் மலைக்குப் போய்வரலாம், பிடித்துப்போனால் அங்கேயே ஒரு வீடு பார்க்கலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை.

தீவின் நடுவே மலை சூழ்ந்த மூன்று பெரும் பள்ளங்கள் உண்டு. மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். சிலாவோஸுக்குச் சாலை உண்டு, நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகளோடு. மாமியாருக்குத் திண்டிவனத்தில் பஸ் திரும்பினாலே தலை சுற்றும். மிச்சம் சலாஸி. அங்கே சுமார் 900 மீட்டர் உயரத்தில் எல்-பூர் (Hell-Bourg) என்ற சிற்றூரில் வீடு எடுத்தோம். வரைபடத்தில் அதை ஆங்கிலமாக எழுத்துக்கூட்டிப் படித்த சென்னை மச்சான், "ஏன் மாமா, வெயில் தாங்காம நரகபுரிக்கா போறீங்க?" என்று கேட்டான். 1838 முதல் 1841 வரை இங்கே கவர்னராக இருந்த கடற்படை அதிகாரி ஒருவரின் பெயர்தான் எல். அவ்வளவுதான் விஷயம். மாமியாருக்கு இதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

போகிற வழியே ஓர் அழகு. ரிவியேர் து மா ஆற்றை ஒட்டியே சாலை ஏறுகிறது. இரண்டு பக்கமும் பச்சைச் சுவர், சுவர் முழுக்க அருவிகள். ஒன்றின் பெயர் மணப்பெண்ணின் முக்காடு. இன்னொன்று நேராகச் சாலை மேலேயே சிதறும். அதன் பிரெஞ்சுப் பெயரைத் தமிழில் சொன்னால் இந்தப் பதிவைக் குடும்பத்தோடு படிக்க முடியாது. மாமியார் ஜன்னலை இறக்கி, அந்தத் தண்ணீரைக் கையில் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டார். பெயர் தெரிந்த நாங்கள் மூன்று பேரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

எல்-பூரில் முதல் நாள் சொர்க்கம். மின்விசிறி இல்லாமல் தூங்கினோம். இரண்டாம் நாள்தான் துணி துவைத்தோம்.

அங்கே காலை ஒன்பது மணிக்கு வானம் கண்ணாடி. பதினொன்றுக்கு ஒரு மேகம் எட்டிப் பார்க்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மொத்தக் குடும்பத்தோடு வந்து உட்காரும். அப்புறம் மழை. கொடியில் போட்ட துணியை எடுத்து உள்ளே போட்டு, வெளியே போட்டு, மறுபடி உள்ளே போட்டு, நாலாம் நாள் என் சட்டை துவைத்த அன்றைவிட அதிகமாக நனைந்திருந்தது. ஊரிலிருந்து மாமியார் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த அப்பளம் பொரித்த ஐந்தாம் நிமிஷம் சப்பாத்தி ஆனது. உப்பு ஜாடியில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டுக்காரர் தமிழ் வம்சம். கரும்புத் தோட்டக் காலத்தில் வந்த கொள்ளுத் தாத்தாவின் வழி. பேச்செல்லாம் பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவு மொழியான கிரியோல்தான். தெரிந்த தமிழ் கோயில் தமிழ்: சாமி, காவடி, விரதம், வணக்கம். அக்கம்பக்கத்தில் அவரை 'தொந்தோன்' என்பார்கள், மாமா என்று அர்த்தம். மாமியார் காதில் அது 'தொந்தி' என்று விழுந்துவிட்டது. தைப்பூசக் காவடிக்கு விரதத்தில் இருந்த அந்த ஒல்லி மனிதரைப் பார்த்து, "பாவம், யாரு வச்ச பேரோ" என்று உருகினார்.

இந்த மழை பெரிய மழையா என்று மாமாவைக் கேட்டேன். சிரித்தார். 1980 ஜனவரியில் இயசாந்த் புயல் வந்து போகாமல் சுற்றியபோது, இதே தீவின் எரிமலைப் பக்கம் 15 நாளில் 6,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது, உலக சாதனை. சென்னை அதைச் சேர்க்க நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். எங்கள் துணிக்கொடி விவகாரத்தை அவர் மழைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் பிக்னிக் கூப்பிட்டார். ரெயூனியனில் ஞாயிறு பிக்னிக் என்பது சிப்ஸ் பொட்டலமும் சாண்ட்விச்சும் இல்லை, அண்டாவும் விறகும். கூரை போட்ட மேடைகளுக்கு விடியுமுன்பே போட்டி. மாமா ஐந்து மணிக்கே கிளம்பினார். இடம் பிடிக்க ஏதாவது கொடுங்கள் என்று சைகை காட்ட, மாமியார் யோசிக்கவே இல்லை, தன் பூத்துண்டை எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் துண்டு போடுகிற ஜாதியல்லவா நாம்! எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தராத இந்தப் பாரம்பரியம் கடல் கடந்தும் பிழைத்திருப்பதைப் பார்த்து எனக்குக் கண்கலங்கியது.

விரதம் என்பதால் கறி கிடையாது. சிலாவோஸ் பருப்பு, சோறு, அப்புறம் சௌசௌ. சலாஸி முழுக்கப் பந்தல் போட்டு வளர்ப்பது அதைத்தான். பெயரும் கிட்டத்தட்ட அதே, 'ஷூஷூ'. காயைக் கூட்டு வைத்தார்கள், கொழுந்தைக் கீரையாக வதக்கினார்கள், கிழங்கையும் விடவில்லை. "கொடியை என்ன பண்ணுவாங்க?" என்றார் மாமியார் கிண்டலாக. கொடியின் நாரில் தொப்பி பின்னுவார்களாம். மாமாவின் தலையிலேயே அது இருந்தது.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் தண்ணீரில் கால் விட்டு உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே நீல வானம். மேலே பீதோன் தெ நேஜ் சிகரத்தின் பக்கம் மட்டும் கறுப்பு. ஆற்றின் சத்தம் லேசாக மாறியது. எனக்குக் கேட்கவில்லை, மாமாவுக்குக் கேட்டது. பார்த்தால் தண்ணீர் சுக்குக் காப்பி நிறத்தில், சருகும் குச்சியுமாக வருகிறது. மாமா எழுந்து, "லா ரிவியேர் இ தெசான்!" என்று கத்தினார்.

"என்னவாம்?" என்றார் மாமியார்.

"ஆறு இறங்குதுன்னு சொல்றார்."

"இறங்கினா நல்லதுதானே, அதுக்கு ஏன் கத்தணும்?" என்று இன்னும் வசதியாகக் காலை நீட்டிக்கொண்டார்.

தமிழில் ஆறு இறங்கினால் தண்ணீர் குறைகிறது. கிரியோலில் ஆறு இறங்கினால் வெள்ளம் மலையிலிருந்து இறங்கி வருகிறது. இந்த இலக்கண நுட்பத்தை விளக்க நேரமில்லை. மாமா ஒரு கையில் அண்டா, இன்னொரு கையில் மாமியார் என்று மேடேறிவிட்டார். திரும்பிப் பார்த்தால், நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையைக் காணவில்லை. அதற்குள் மழையும் பிடித்துக்கொள்ள, காருக்கு ஓடினோம். "என் துண்டு!" என்ற குரல் பின்சீட்டிலிருந்து எல்-பூர் வரை வந்துகொண்டே இருந்தது.

ஈரத் துணி ஒரு மூட்டையோடு லெ போர் திரும்பினோம். கொடியில் போட்ட அரை மணியில் எல்லாம் காய்ந்து அப்பளமானது. வீடு பார்க்கிற பேச்சை நானும் எடுக்கவில்லை, மனைவியும் எடுக்கவில்லை.

தைப்பூசத்தன்று சேந்தாந்த்ரே என்ற ஊருக்குப் போனோம். காவடி இறக்கிய களைப்போடு மாமா எங்களைத் தேடிவந்து, மாமியார் கையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். உள்ளே பூத்துண்டு. மேடைத் தூணிலேயே கட்டியபடி இருந்ததாம். மறுநாள் போய் அவிழ்த்து, துவைத்து, அன்றிலிருந்து காயப் போட்டுக்கொண்டே இருந்தாராம். இன்னும் ஈரம். அதற்குள் ஒரு சௌசௌக் காயை வேறு சுற்றிவைத்திருந்தார். அது விரல் நீளத்துக்கு முளை விட்டிருந்தது.