விம்பிள்டனில் ஒரு வாக்கு: திருமலையிலிருந்து வருகிறவர்களுக்கு

திருமலையில் (திருகோணமலையில்) பந்து உதைத்து வளர்ந்த பிள்ளைகள் லண்டனுக்கு வந்த முதல் மாதத்திலேயே கேட்பார்கள்: "அண்ணா, எந்தக் கிளப்பின் மட்ச்சுக்குப் போகலாம்?" ஏகாம்பரம் மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டம் பார்த்துப் பழகியவர்களுக்குத் தொலைக்காட்சியில் கண்ட பெரிய கழகங்களின் பெயர்தான் முதலில் வாயில் வரும். அவற்றுக்கு டிக்கெட் எடுப்பது கஷ்டம். எடுத்துப் போனாலும் அங்கே நீங்கள் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வருகிற ஆள், அவ்வளவுதான். தென்மேற்கு லண்டனில் டூட்டிங், மிட்சம், மோர்டன், நியூ மோல்டன் பக்கம் குடியிருக்கிற எங்கள் ஆட்களுக்கு நாங்கள் சொல்வது ஏஎஃப்சி விம்பிள்டன். அது ரசிகர்கள் தொடங்கிய கழகம். இன்றைக்கும் பெரும்பான்மைப் பிடி (நிர்வாக உரிமை) ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் டிரஸ்டிடம்தான் இருக்கிறது. அங்கத்துவம் எடுத்தால் உங்களுக்கும் அதில் ஒரு வாக்கு.

அந்த வாக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள். பழைய விம்பிள்டன் எஃப்சி 1889 இல் தொடங்கியது. 1988 இல் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலை 1-0 என்று வென்றது: லோரி சான்செஸ் தலையால் இடித்த கோல், டேவ் பீசன்ட் தடுத்த பெனால்டி. 1991 இல் ப்ளவ் லேன் மைதானத்தை விட்டு, கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டிக்குடியிருக்கப் போனது. சொந்த மைதானம் இல்லாமல் போனதும் கழகத்தைத் தூக்கிக்கொண்டு போவது சுலபமாகிவிட்டது. ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் மில்ட்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக உரிமையாளர்கள் அனுமதி கேட்டார்கள். 2002 மே 28 அன்று இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கமான எஃப்ஏ அமைத்த மூவர் குழு இரண்டுக்கு ஒன்று என்று அனுமதி கொடுத்தது. ஒரு கழகத்தின் இடப்பெயர்வை எங்கள் இடப்பெயர்வோடு ஒப்பிட முடியாது. ஆனால் "எங்களைக் கேட்காமல்" என்று அங்கே ஒருவர் சொல்லும்போது அதன் பாரம் எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும்.

1995 முதல் அங்கே சுயாதீன ரசிகர் சங்கம் ஒன்று இருந்தது. கழகத்திடம் காசோ கந்தோரோ வாங்காத சங்கம் என்பதால்தான் நிர்வாகத்தை நேருக்கு நேர் எதிர்க்க அதனால் முடிந்தது. தீர்ப்பு வந்த பிறகு அந்தச் சங்கத்தைச் சுற்றி இருந்தவர்களே ஆறு கிழமைக்குள் புதுக் கழகத்தை எழுப்பினார்கள். சங்கத்தின் தலைவராக இருந்த கிரிஸ் ஸ்டூவர்ட் புதுக் கழகத்தின் முதல் தலைவரானார். ஜூன் மாதம் விம்பிள்டன் காமன் திடலில் யாரும் வந்து ஆடிக்காட்டலாம் என்று வீரர் தெரிவு நடந்தது. ஜூலை 10 அன்று சட்டன் யுனைட்டட்டுடன் முதல் ஆட்டம். 4-0 என்று தோற்றார்கள். பார்க்க வந்தவர்கள் 4,657 பேர். கீழ்மட்ட லீக் ஒன்றிலிருந்து ஒன்பது பருவத்தில் ஐந்து முறை ஏறி 2011 இல் ஃபுட்போல் லீக்குக்குள் வந்தார்கள். 2020 நவம்பரில், பழைய மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கட்டிய புது ப்ளவ் லேனுக்குத் திரும்பினார்கள். பழைய கிண்ணங்களையும் பதக்கங்களையும் மில்ட்டன் கீன்ஸ் கழகத்திடமிருந்து விம்பிள்டன் இருக்கும் மேர்ட்டன் நகரசபைக்கு மீட்டுக்கொடுத்த 2006 இணக்கத்திலும் அந்தச் சுயாதீன சங்கம் ஒரு தரப்பு. வெற்றி வந்த பிறகும் நினைவாகக் கணக்குத் தீர்க்கும் ஆட்கள் இவர்கள்.

புதிதாக வருகிறவர்கள் மூன்று விடயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பருவ டிக்கெட் என்பது ஆசனத்துக்கு. டிரஸ்ட் அங்கத்துவம் என்பது வாக்குக்கு. சுயாதீன ரசிகர் சங்கம் என்பது கேள்வி கேட்பதற்கு. ஊர்க் கோயிலை நினைத்துப் பாருங்கள்: பரிபாலன சபை வேறு, தொண்டர் சபை வேறு, உபயகாரர் வேறு. ஒருவரே மூன்றிலும் இருக்கலாம், ஆனால் ஒன்றில் இருப்பதால் மற்றது தானாக வந்துவிடாது. பருவ டிக்கெட் எடுத்துவிட்டு, வாக்குச்சீட்டு வரவில்லையே என்று தேடுகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். ரசிகர்களே உரிமையாளரான பின் சுயாதீன சங்கம் எதற்கு என்று கேட்கலாம். டிரஸ்ட் சபைக்குப் போனவர் சம்பளப் பட்டியலையும் கடனையும் பார்த்துப் பேச வேண்டியவர். நிர்வாகத்தின் சுமை அவர் தோளில் இருக்கும். அந்தச் சுமை இல்லாத ஒருவர் வெளியில் நின்று கேட்டால்தான் கேள்வி கூராக இருக்கும். எங்கள் ஊர்ச் சங்கங்கள் பல உடைந்ததற்குக் காரணம், கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே ஆளாக இருந்ததுதான்.

டிரஸ்டில் சேர வருடச் சந்தாவை இணையத்தில் கட்டினால் போதும். ஆயிரம் பவுண் கொடுத்தவருக்கும் ஒரு வாக்கு, சந்தா மட்டும் கட்டியவருக்கும் ஒரு வாக்கு. சிக்கல் வருவது வேறு இடத்தில்: புதிதாக வந்தவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று அறை மாறுவார்கள், வங்கி அட்டையும் மாறும். பழைய அட்டையில் சந்தா கழியாமல் நின்றுபோனால் அங்கத்துவம் காலாவதி. தேர்தல் நேரத்தில்தான் அது தெரியவரும். மின்னஞ்சல் முகவரியை மாற்றாமல் வைத்திருங்கள். அட்டை மாறிய அன்றே கணக்கில் திருத்திவிடுங்கள்.

பொதுக்கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கையை உயர்த்தி, தலைவர் அழைக்கும்வரை காத்திருந்து, ஒரு கேள்வியை இரண்டு வசனத்தில் கேட்க வேண்டும். "அவைத்தலைவர் அவர்களே" என்று தொடங்கி நன்றியும் முகவுரையும் சொல்லும் எங்கள் பழக்கம் அங்கே நேரத்தைத் தின்றுவிடும், கேள்வி வெளியே வருமுன் ஒலிவாங்கி அடுத்தவரிடம் போய்விடும். ஆங்கிலம் தடக்கினால் முதல் நாளே எழுதி அனுப்புங்கள். கணக்கறிக்கையில் பார்க்க வேண்டியவை வீரர் சம்பளச் செலவு, மைதானக் கடன், ஆட்ட நாள் வருமானம். மைதானக் கடனுக்குப் பின்னால் ஒரு பெரிய முடிவு இருக்கிறது. கட்டுமானத்துக்குப் பணம் போதாமல் வெளி முதலீட்டாளரிடம் பிடியைக் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, ரசிகர்கள் 2020 தொடக்கத்தில் கடன் பத்திரம் வெளியிட்டு 50 இலட்சம் பவுணுக்கு மேல் திரட்டினார்கள். குறைந்த வட்டி போதும் என்று தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அப்படித்தான் பிடி கைமாறாமல் நின்றது.

இனி ஆட்ட நாள். சனிக்கிழமை பிற்பகல் 3 மணி வழக்கமான நேரம். கிழமை நாள் ஆட்டம் இரவு 7:45. லீக்கில் 24 அணிகள், ஆகவே 46 ஆட்டம், அதில் 23 சொந்த மைதானத்தில். ஹெய்டன்ஸ் ரோட் ரயில் நிலையம்தான் கிட்ட. டூட்டிங் பிரோட்வேயிலிருந்து கரட் லேன் வழியாக ஏறக்குறைய இருபது நிமிட நடை. விம்பிள்டன் ரயில் நிலையத்திலிருந்தும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எஃப்ரா வீதிக் கணபதி கோயிலும் நடக்கிற தூரத்தில் இருப்பதால், காலையில் கோயில், பிற்பகல் மட்ச் என்று ஒரே பயணத்தில் முடிக்கலாம். ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் வாசலில் வரிசை நீளும். பெரிய பை கொண்டுபோகாதீர்கள். தைமாதக் குளிரில் கொங்கிறீற் தளத்தில் இரண்டு மணி நேரம் நின்றால் குளிர் ஏறுவது காலுக்குள்ளால்தான். இரண்டு சோடி கம்பளிக் காலுறையும், சப்பாத்துக்குக் கீழே ஒரு மட்டைத் துண்டும் போட்டால் தடித்த ஜாக்கெட்டை விட உதவும்.

நிறம் நீலமும் மஞ்சளும். மில்ட்டன் கீன்ஸ் அணியை "டோன்ஸ்" என்று விம்பிள்டன் ரசிகர்கள் முன்னால் சொல்லிவிடாதீர்கள்; அது விம்பிள்டனின் செல்லப்பெயர். அந்தப் பெயர் தங்களுடையது என்பதற்காக இருபது வருடத்துக்கு மேல் போராடியவர்கள். பாட்டுகளை உடனே பாட வேண்டும் என்றில்லை. தெரியாத பாட்டின் சொல் யாரையாவது இழிவுபடுத்துகிறதா என்று கேட்டறிந்த பிறகு பாடுங்கள். 1991 ஆம் ஆண்டுச் சட்டப்படி இனவெறிக் கோஷம், பொருள் எறிதல், ஆடுதளத்துக்குள் இறங்குதல் மூன்றும் குற்றம். கடைசி நிமிடக் கோல் விழுந்து எல்லாரும் ஓடினாலும் நீங்கள் இறங்க வேண்டாம். 1985 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் கோச் பஸ்ஸில் மதுபானம் கொண்டுபோக முடியாது. புகைக் குண்டு, தீப்பந்தம் எதையும் மைதானத்துக்குள் எடுத்துப்போகவும் முடியாது. அந்த நாட்டில் பிறந்தவருக்கு இது தண்டப்பணத்தோடு முடியலாம். விசாவில் இருப்பவருக்கு ஒரு குற்றப்பதிவு அடுத்த விண்ணப்பத்திலும் வந்து நிற்கும். உங்களை யாராவது நிறம் சொல்லி ஏசினால் அடிபிடிக்குப் போகாமல், ஆசன எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அருகில் நிற்கும் மைதான ஒழுங்குப் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள். எண் இருந்தால் கமெராப் பதிவில் ஆளைப் பிடிக்கலாம்.

மாணவர் விசாவில் வருகிற நல்ல ஆட்டக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம். அந்த விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ இருக்கக் கூடாது. அரைத் தொழில்முறைக் கழகம் ஒன்று "காசில்லாமல் வந்து ஆடு" என்று கூப்பிட்டாலும் அது விசா மீறலாகலாம். பொழுதுபோக்காக ஞாயிற்றுக்கிழமை லீக்கில் ஆடுவது வேறு விடயம். கையெழுத்துப் போடுமுன் பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசகரிடம் கேளுங்கள்.

பாடத் தெரியாதவரும் சேரக்கூடிய இடம் தொண்டு வேலை. 2020 இல் கொரோனா முடக்கத்தின்போது விம்பிள்டன் ரசிகர்கள் தொடங்கிய டோன்ஸ் லோக்கல் அக்ஷன் குறூப் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொருளும் பிள்ளைகளுக்கு மடிக்கணினியும் கொண்டுபோனது. 2024 செப்டெம்பரில் அடைமழையில் வாண்டில் ஆறு பெருகி, மைதானத்தில் குழி விழுந்து, நியூகாசிலுடனான லீக் கிண்ண ஆட்டம் எதிரணியின் மைதானத்துக்கே மாறியபோதும் ரசிகர்கள்தான் பணம் திரட்டினார்கள். மழைக்குப் பிறகு கோயில் மடத்தில் சேறு வாரிய கைக்கு அந்த வேலை புதிதில்லை. மூன்று சனிக்கிழமை பெட்டி தூக்கினால் பத்துப் பேர் உங்கள் பெயரைச் சரியாகச் சொல்வார்கள். நண்பர்கள் அப்படித்தான் கிடைக்கிறார்கள்.

அடுத்து கொடி. இங்கிலாந்தில் ரசிகர்கள் தங்கள் ஊர்ப் பெயரை எழுதிக் கட்டுவது வழக்கம், ஆகவே "திருகோணமலை" என்று தமிழில் கட்டலாம். அரசியல் வாசகமும் சின்னமும் வேண்டாம், கழக விதி விடாது. ஆறு எழுத்துத்தான், ஆனால் 'கோ'வுக்கும் 'லை'க்கும் முன்னும் பின்னும் வரும் துண்டுகளையும் எண்ணினால் ஒன்பது வடிவம். 3 மீற்றர் அகலத் துணியில் ஒவ்வொன்றுக்கும் சராசரி 33 சென்ரிமீற்றர் வரும். அதைச் சமமாகப் பிரிக்காதீர்கள். 'கோ'வுக்குப் பின்னால் வரும் கால் துண்டை (ா) 15 ஆகக் குறைத்து, மிச்சத்தை 'ண'வுக்குக் கொடுங்கள். கோடு 5 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால் சுழிக்குள் இருக்கும் வெளியும் குறைந்தது 5 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிர் ஸ்டாண்டிலிருந்து பார்க்க 'ண' ஒரு மஞ்சள் கட்டியாகத் தெரியும். 'தி'யின் மேல் விசிறிக்கும் 'ரு'வின் கீழ்வாலுக்கும் 12 சென்ரிமீற்றர் விடுங்கள். நீலத் துணியில் நேரே மஞ்சள் அடித்தால் பச்சையாகப் போகும்: முதலில் வெள்ளை ஒரு பூச்சு, காய்ந்ததும் மஞ்சள் இரண்டு பூச்சு. இரவு முழுக்கக் காயவிட்டுச் சுருட்டுங்கள். மடித்தால் பெயின்ற் ஒட்டி உரியும். 50 சென்ரிமீற்றருக்கு ஒரு வளையம் அடித்தால் காற்றில் கிழியாது. தீப்பிடிக்காத துணி என்ற சான்றிதழை மைதானப் பாதுகாப்பு அதிகாரி கேட்பார். சான்றிதழோடு வரும் துணியையே வாங்குங்கள், பிறகு மருந்து தெளித்துக் கொண்டுபோனால் அநேகமாக வாசலிலேயே நிறுத்துவார்கள். அளவையும் படத்தையும் ஒரு கிழமைக்கு முன்னமே அனுப்பி, எங்கே கட்டலாம் என்று கேளுங்கள். விளம்பரப் பலகையையும் வெளியேறும் வழியையும் மறைக்கக் கூடாது.

திருமலையில் இருக்கிற அப்பா அம்மாவும் இதில் சேரலாம். பிரித்தானியாவுக்குள் சனிக்கிழமை 2:45 முதல் 5:15 வரை உதைபந்தாட்ட நேரடி ஒளிபரப்புக்குத் தடை. மைதானங்கள் வெறுமையாகக் கூடாது என்பதற்காக வைத்த பழைய ஏற்பாடு. வெளிநாட்டுக்கு அந்தத் தடை இல்லை. அந்தந்த நாட்டு உரிமையைப் பொறுத்துக் கழகம் இணைய ஒளிபரப்பு விற்கும். ஆகவே லண்டனில் வேலைக்குப் போன மகன் பார்க்க முடியாத ஆட்டத்தை உப்புவெளியில் இருக்கும் தகப்பன் பார்க்கலாம். சனிக்கிழமை 3 மணி ஆட்டம் கோடையில் இலங்கை நேரப்படி இரவு 7:30, ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூடு மாறிய பிறகு 8:30. மார்ச் கடைசி ஞாயிறு திரும்பவும் 7:30 ஆகும். கிழமை நாள் ஆட்டம் என்றால் நள்ளிரவு தாண்டி 12:15 அல்லது 1:15, அதற்கு அவர்களை விழித்திருக்கச் சொல்லாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் தொலைபேசி எடுங்கள். அணிப் பட்டியலைப் படம் பிடித்து முதலே அனுப்பிவைத்தால், யாருக்கு எந்த எண் என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.