சோற்றைக் குறைப்பதற்கு முந்தைய இரண்டு வாரம்

உடல் எடையைக் குறைக்க முடிவு செய்துவிட்டீர்களா? முதல் இரண்டு வாரம் சாப்பாட்டின் அளவில் கை வைக்காதீர்கள். வழக்கம்போல் சாப்பிடுங்கள், சாப்பிட்டதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு, அப்போது பசித்ததா. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் மற்றதை எழுதிப் பயனில்லை. மாலை மிக்சருக்கும் இரவு டிவி முன்னால் கொறிக்கும் முறுக்குக்கும் பசி காரணமில்லை என்பது பத்து நாள் குறிப்பைப் புரட்டினாலே தெரிந்துவிடும். அலுப்பா, கோபமா, எல்லோரும் தூங்கிய பிறகு கிடைக்கும் தனிமையா என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

மளிகைக் கணக்கையும் பாருங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, ஏறக்குறைய 270 கலோரி. தினம் ஐந்து காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம், 200 கலோரி. சோற்றைக் கண்டு பயப்படுகிறவர்கள் இந்த இரண்டையும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இலக்கு சிறியதாக இருக்கட்டும். 80 கிலோ உள்ளவர் 5 சதவீதம், அதாவது 4 கிலோ குறைத்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் முன்னேற்றம் தெரியத் தொடங்கும். வாரம் அரைக் கிலோ வீதம் எட்டு வாரம். முதல் வாரமே இரண்டு கிலோ இறங்கலாம், அதை நம்பிவிடக் கூடாது. உடல் சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது செலவாகும்போது நீரும் போகிறது, அவ்வளவுதான். அதேபோல் விருந்துச் சாப்பாட்டின் உப்பு மறுநாள் ஒரு கிலோ கூட்டிக் காட்டும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் எடை ஏறித் தெரியும். மூன்றாம் வாரம் முள் அசையாதபோது பலர் மனம் உடைவது இது தெரியாததால்தான். காலையில் கழிவறை போய்வந்து, காபிக்கு முன்பு எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். தினமும் பார்த்தால் பதற்றம் கூடுகிறதா, வாரம் ஒருமுறை போதும்.

இனி கடினமான பகுதி. 'கட்டுப்பாடாக இருப்பேன்' என்ற சபதம் மாலை ஆறு மணிக்கு நிற்பதில்லை. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரையில் சொன்ன முறை எங்களுக்குத் தெரிந்து நன்றாக உதவுகிறது: இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடுவது. 'அம்மா இன்னொரு கரண்டி சோறு போட வந்தால், ரசம் மட்டும் கேட்பேன்.' 'நாலரை மணிக்கு ஆபீசில் வடை வந்தால், ஒன்றை எடுத்துக்கொண்டு இடத்தைவிட்டு நகர்வேன்.' ஐந்து வாக்கியம் போதும், இருபது எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது. ஆளையும் நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

வீட்டில் சமைப்பவரிடமும் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். போட்ட சாப்பாட்டை வேண்டாம் என்பதை, பாசத்தை வேண்டாம் என்பதாக எடுத்துக்கொள்ளும் வீடுகள் நிறைய. 'தனியாகச் சமைக்க வேண்டாம், பொரியலைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்' என்று குறிப்பாகக் கேட்டால் மறுப்பு வராது.

ஐந்தில் ஒரு வாக்கியம் சறுக்கும் நாளுக்கானது. நாலு பஜ்ஜியால் ஒரு வாரம் வீணாகாது. 'கெட்டது கெட்டாச்சு, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்' என்று மீதி நாட்களையும் விடுவதில்தான் வீணாகிறது. குடிப்பழக்கத்திலிருந்து மீள்கிறவர்களிடமும் இதே மனநிலையை உளவியலாளர் ஆலன் மார்லட் கவனித்திருக்கிறார். மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டவும் வேண்டாம். இரவுக்குள் பசி வெடித்து இன்னொரு சறுக்கல் வரும். அடுத்த வேளையை வழக்கம்போல் சாப்பிடுவேன் என்று எழுதி வையுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். காரணமில்லாமல் எடை ஏறியிருந்தால் தைராய்டையும் பார்த்துவிடுங்கள்.

தொடங்கும் தேதி தீபாவளி, வீட்டுக் கல்யாணம், ஆபீசில் கணக்கு முடிக்கும் மார்ச் ஆகியவற்றிலிருந்து தள்ளியே இருக்கட்டும். முதல் மாற்றம் ஒன்றே ஒன்றாக, குறிப்பைப் பார்த்து எளிது என்று தோன்றுவதாக இருக்கட்டும். காபிச் சர்க்கரையை இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்றாக்குவதுகூடப் போதும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. எனவே இரண்டாவது மாற்றத்துக்கு அவசரமில்லை.