கூட்டுக்காரனுக்காக வந்தவர்கள்

"எனக்கில்ல சார், என் கூட்டுக்காரனுக்கு ஒரு சந்தேகம்." கூட்டுக்காரன் என்றால் எங்கள் பக்கம் நண்பன். பாதிப் பையன்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். மீதிப் பேர் தலைவலி என்பார்கள், நெஞ்சு படபடப்பு என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் 9 வருடமாக உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். "மனசு சரியில்ல, அதான் வந்தேன்" என்று தானாக உள்ளே வந்த பதினாறு, பதினேழு வயதுப் பையன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பெண் பிள்ளைகளை அம்மையோ டீச்சரோ கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பையன்களை இழுத்து வருவது புகார்தான். "சொன்னா கேக்க மாட்டான் சார், கைல கெடச்சத எடுத்து ஒடைக்கான்." இந்த வயதுப் பையன்களிடம் மனச்சோர்வு பல சமயம் அழுகையாக வராது, எரிச்சலாக, கோபமாக வரும். வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர். திட்டு விழும், சில வீடுகளில் அடியும் விழும். அவன் இன்னும் உள்ளே சுருண்டுகொள்வான்.

இன்னொன்று, எங்கள் ஊர்ப்பேச்சு. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தவர்கள். அப்போது மனநோய் என்றால் திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை மனநல மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். எத்தனையோ வருடம் கழிந்தும் அந்தப் பேர் நாக்கை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவன் கொஞ்சம் மாறி நடந்தால் "வட்டா லேய், ஊளம்பாறைக்கு வண்டி பிடிக்கவா?" என்பார்கள். வட்டு என்றால் கிறுக்கு. அதைக் கேட்டு வளர்ந்தவன் என் அறை வாசலில் எப்படி உட்காருவான்? எதிர்ப்பக்கம் எலும்பு முறிவுப் பிரிவின் வரிசை. அதில் ஊர்க்காரர் யாராவது ஒருவர் கட்டாயம் இருப்பார்.

நான் முதலில் செய்தது அந்த வாசல் பெஞ்சை எடுத்ததுதான். எங்கள் மருத்துவமனையிலேயே வளரிளம் பருவத்தினருக்கான பிரிவு ஒன்று 2014-ல் வந்த தேசியத் திட்டத்தின் கீழ் நடக்கிறது. முகப்பருவுக்கும் எடை குறைவுக்கும் பையன்கள் கூச்சமில்லாமல் அங்கே வருவார்கள். கேட்டு, அனுமதி வாங்கி, வாரத்தில் ஒரு மத்தியானம் அங்கேயே உட்கார ஆரம்பித்தேன். வருகிறவர்கள் கூடினார்கள். பருவைப் பற்றிக் கேட்டுவிட்டு எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, "அப்புறம் சார்..." என்பான் பாருங்கள், அங்கேதான் விஷயமே தொடங்கும்.

அப்படி வந்த ஒருவனைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடற்கரைப் பையன், பிளஸ் ஒன். நெஞ்சு அடிக்கிறது என்று மூன்று தடவை ஈசிஜி எடுத்தாகிவிட்டது, மூன்றும் சரி. அவனோடு வந்தவன்தான் பேசினான். இவன் ஓ.பி. சீட்டைப் பீடி மாதிரி சுருட்டுவான், விரிப்பான், திரும்பச் சுருட்டுவான். கேள்விகளை நிறுத்திவிட்டு, மேசையில் சிக்கலாகக் கிடந்த கட்டு நூலை அவன் பக்கம் தள்ளினேன். கை தானாகச் சிக்கலெடுக்கத் தொடங்கியது. வலைக்காரர் வீட்டுக் கை. கால் மணி நேரம் போயிருக்கும், தலை நிமிராமலேயே சொன்னான்: "காத்து அடிச்சா வருது சார்."

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அவனுக்கு அப்போது எட்டு வயது. அவன் மாமன் ஆழ்கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அப்பன் இன்றைக்கும் அதே கடலுக்குத்தான் போகிறார். காற்று எழும்பினால் இவனுக்கு நெஞ்சு அடிக்கும், விரல் மரத்துப்போகும், செத்துப்போவோம் என்று தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை. "வீட்ல அம்மைக்கும் பயம்தான சார், நானும் சொன்னா என்ன ஆவும்?"

உடம்பு அடிக்கும் பொய்மணி அது, பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும் என்று விளக்கினேன். மனநல மருத்துவரும் பார்த்தார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், பேச்சும் மூச்சுப் பயிற்சியும் போதும் என்றார்.

வருகிற பையன்கள் எல்லாரிடமும் முதல் நாளே இரண்டு சொல்வேன். "நீ சொல்றத யார்ட்டயும் சொல்ல மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன், அதையும் உன்ட்ட சொல்லிட்டுத்தான்." இது முதலாவது. "வெளிய பாத்தா நீ பேசாத வரை உன்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட மாட்டேன்." இது இரண்டாவது. முதலாவது, ஒரு தவறிலிருந்து படித்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனின் அப்பா வராந்தாவில் கேட்டார் என்று, நல்லதுக்குத்தானே என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டேன். அதன்பின் அந்தப் பையன் வரவேயில்லை. இன்றும் அவன் முகம் நினைவில் நிற்கிறது.

குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிற வீட்டுப் பையன் ஒருவன். விடியுமுன் எழுந்து அப்பாவோடு பால் வெட்டிவிட்டுப் பள்ளிக்கு வருவான், வகுப்பில் தூங்குவான். சோம்பேறி என்று பேரெடுத்துவிட்டான். எனக்கும் முதலில் தூக்கக் குறைவாகத்தான் பட்டது. ஆனால் லீவு நாளிலும் அவன் எழும்பவில்லை, பந்து விளையாடப் போகவில்லை, சோறு இறங்கவில்லை. நேராகவே கேட்டேன்: "செத்துப்போயிரலாம்னு தோணியிருக்கா மக்கா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று ஆசிரியர்களே பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. அவன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாருக்கும் அப்பிடித் தோணும்னுதான் நெனச்சேன்" என்றான். அன்றைக்கு அவனிடம் சொல்லிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டோம். ரப்பர்ப் பால் கறை காயாத சட்டையோடு ஓடி வந்த மனிதர், மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்தார். எடுக்கவேயில்லை. மருந்தும் தொடங்கியது. இப்போது பரவாயில்லை.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. 40 பேர் இருக்கும் வகுப்பில் ஏறக்குறைய 3 பேர். பள்ளிகளுக்குப் போகும்போது கரும்பலகையில் 14416 என்று எழுதுவேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண். காசில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், முகம் காட்ட வேண்டாம். "கூட்டுக்காரனுக்கு வேணும்னா குறிச்சு வையுங்க" என்பேன். எழுதுகிறார்கள்.

போன மாதம் மார்த்தாண்டத்திலிருந்து புதுக்கடைக்கு வரும்போது பேருந்தில் நல்ல கூட்டம். டிக்கெட்டுக்குக் காசை முன்னால் கொடுத்துவிட்டேன். படிப் பக்கம் அந்தக் கடற்கரைப் பையன், நான்கைந்து கூட்டுக்காரன்மாரோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் கைமாறிக் கைமாறி வந்தன, கடைசிக் கை அவனுடையது. சில்லறையை என் உள்ளங்கையில் வைத்து, ஒரு நொடி அழுத்திவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.