வெல்ஃபெயரிலிருந்து ஓடிஎஸ்பிக்கு: தம்பிக்காக நடந்த வழி

கனடாவின் ஸ்காபரோவில் பேக்கரி வேலை செய்துகொண்டிருந்த என் தம்பிக்கு மூட்டுவாதம் முற்றி, வேலை நின்றதும் முதலில் போனது வெல்ஃபெயருக்கு, அதாவது ஒன்ராறியோ மாகாண அரசின் உதவித்தொகைத் திட்டமான ஒன்ராறியோ வேர்க்ஸுக்கு. தனி ஆளுக்கு மாதம் 733 டொலர். அதில் வாடகைக்கென்று 390. அந்தக் காசுக்கு இங்கே ஒரு பேஸ்மென்ட் அறைகூடக் கிடைக்காது. 2018க்குப் பிறகு அந்தத் தொகை ஒரு சதமும் ஏறவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாகாண உதவித் திட்டமான ஓடிஎஸ்பியில் தனி ஆளுக்கு 2024 ஜூலையில் 1,368 டொலர், 2025 ஜூலையில் 1,408. விலைவாசியைப் பார்த்து ஆண்டுதோறும் கூட்டுகிறார்கள். சேமிப்பு 40,000 வரை இருக்கலாம், வெல்ஃபெயரில் 10,000தான். காசைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்றும் உண்டு. வெல்ஃபெயரில் இருப்பவர் வேலைக்குத் தயாராகிக்கொண்டே இருக்க வேண்டும். வருத்தக்காரர் வைத்தியரின் கடிதம் கொடுத்து விலக்குப் பெறலாம். தவணை முடிந்தால் மறுபடியும் கடிதம். விரல் மடங்காதவனை இப்படி நடத்துவது அநியாயம்.

ஓடிஎஸ்பிக்கு வைத்தியர் நிரப்பும் படிவக்கட்டை 90 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினோம். மறுத்துவிட்டார்கள். இலவச சட்ட உதவி நிலையத்தில் ஓர் அம்மா படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நோயின் பெயரும் மருந்தும் இருக்கிறது. அவரால் என்ன முடியவில்லை என்பது எங்கே?" ஒரு வருடமாவது நீடிக்கக்கூடிய நோய், தன்னைப் பராமரிப்பதையோ வெளியே நடமாடுவதையோ வேலை செய்வதையோ கணிசமாகத் தடுக்கிறதா என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

தம்பியோ யார் கேட்டாலும் "சமாளிக்கிறேன்" என்பவன். வைத்தியரிடமும் அதையே சொல்லியிருந்தான். அன்றாட அலுவல்களுக்கான பகுதியை பிசியோதெரபிஸ்டும் நிரப்பலாம் என்றார் அந்த அம்மா. பிசியோதெரபிஸ்ட் கேள்வி கேட்கவில்லை. சட்டையைக் கழற்றித் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது பொத்தானில் தம்பியின் கை நின்றுவிட்டது. போத்தல் மூடியை அவனால் திருகவே முடியவில்லை. பார்த்ததை அப்படியே எழுதிக் கொடுத்தார்.

மறுபரிசீலனையிலும் மறுப்புத்தான். பிறகு சமூக நலத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கினோம். தம்பி தன் காலைப் பொழுதைத் தன் வாயாலேயே விவரித்தான். தீர்ப்பு சாதகமாக வந்தது. விண்ணப்பித்த காலத்திலிருந்து கணக்குப் பார்த்து, வெல்ஃபெயரில் வாங்கியதைக் கழித்து, நிலுவையைத் தந்தார்கள்.

மறுப்புக் கடிதம் வந்தவர்கள் முதலில் அதன் திகதியைப் பாருங்கள். மறுபரிசீலனை கேட்க 30 நாட்கள். அதிலும் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போக இன்னும் 30 நாட்கள். அதுவரை வெல்ஃபெயரை விட்டுவிட வேண்டாம்.

2025 ஜூலையில் தொடங்கிய கனடா மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு, தொடக்கத்தில் மாதம் 200 டொலர் வரை தந்தது. அதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கான வரிச் சலுகைச் சான்று வேண்டும். அந்தப் படிவம் இப்போது வைத்தியரிடம் இருக்கிறது. கிடைத்தால், ஒன்ராறியோ அதை ஓடிஎஸ்பியில் கழிக்காது.